பத்து ரவை, பதினேழு ரவை

அவவின்ரை பேரை நான் எழுத மாட்டன். எழுதினால் இஞ்சை ஜெர்மனியில ஊன்ட்றொப் அம்மன் தேருக்கு வாற சனத்தில பாதி, "அட, இன்னாற்றை மகளோ" எண்டு ஒரு நிமிசத்தில பிடிச்சிடும். சவர்லாந்துப் பக்கம் ஒரு சின்ன ரவுணில துவக்குக் கடையில வேலை செய்த எங்கடை பிள்ளை எண்டு மட்டும் சொல்லுறன். அதுவே கூடிப்போச்சு. ஜெர்மனி முழுக்கத் தேடினாலும் அப்பிடி இன்னொராள் அம்பிடுமோ தெரியாது.

அப்ப அவவுக்கு முப்பது வயசு இருக்கும். இஞ்சை பிறந்து, இஞ்சை படிச்சு, துவக்குத் திருத்திற வேலைக்கே மூண்டரை வருசம் அவுஸ்பில்டுங் எண்ட தொழில்பயிற்சி முடிச்சவ. கட்டையான ஆள். நீல வேலைக்கோட்டு, இழுத்துக் கட்டின தலைமயிர், எந்த நேரமும் எண்ணெய் மணக்கிற விரல். கதைச்சால் ஜெர்மன் பட்டாசு மாதிரி வெடிக்கும், தமிழ் எங்கடை ஊர்க் கொக்குவில் தமிழ் மாதிரியே இருக்கும். தாய் தேப்பனுக்கு அவ துவக்குக் கடையில நிக்கிறது கடைசி வரைக்கும் சரியான வெக்கம். ஆராவது கேட்டால் "விளையாட்டுச் சாமான் கடை" எண்டுதான் சொல்லுவினம்.

நான் லொறி ஓடுறவன். நான் ஏன் அந்தக் கடைக்குப் போனனான் எண்டு கேப்பியள். நாங்கள் இருக்கிற ஊரில துவக்குச் சுடுற கழகத்திலயோ நெருப்பணைக்கிற படையிலயோ இல்லாட்டி நீ மனுசனே இல்லை. பக்கத்து வீட்டு ஜெர்மன்காரர் ஒரு கோடையில என்னை இழுத்துக்கொண்டு போனார். பியர் குடிக்கத்தான் போனனான். காத்துத் துவக்கைத் தந்து சுடச் சொல்லிச்சினம். பத்துக்கு எட்டு நடுவில விழுந்திது. எனக்குள்ள எந்த நேரமும் ஓடிக்கொண்டிருக்கிற ஒண்டு அந்த அரை மணித்தியாலம் ஓடாமல் நிண்டுது. அதுக்காகவே திரும்பவும் திரும்பவும் போனன். பிறகு சோதினை எழுதி, அனுமதி எடுத்து, ஒரு பிஸ்டலும் வாங்கினன். மனுசி ஒரு மாசம் முகம் குடுத்துக் கதைக்கேல்லை. "துவக்குக்குப் பயந்து ஓடிவந்த மனுசன் துவக்கு வாங்கி வீட்டில வைக்குது, ஆரிட்டைச் சொல்லி அழுறது" எண்டு தங்கச்சிக்கு ரெலிபோனில சொன்னது எனக்கும் கேட்டது.

முதல் நாள் நான் போனது காதுமூடி வாங்க. அவ ஜெர்மனில கதைச்சுக்கொண்டு வந்து, என்ரை கழக அட்டையில பேரைப் பாத்திட்டு, "அண்ணை எவடம்?" எண்டா. எனக்குக் கையில கிடந்த சாமான் விழப் பாத்தது. பிறகு காதுமூடியை எடுத்து, பற்றறி முடியேக்கை இது மூண்டு தரம் கத்தும், கத்தினால் உடனே சுடுறதை நிப்பாட்டோணும், கழட்டிப் பாக்கக் கூடாது எண்டு சொல்லிட்டு என்னைப் பாத்தா.

"திருப்பிச் சொல்லுங்கோ."

"என்ன தங்கச்சி, காதுமூடிக்கும் சோதினையோ?"

"ஓம்."

சிரிப்பா எண்டு பாத்தன். சிரிக்கேல்லை. சொன்னன். வேறை என்ன செய்யிறது.

இதுதான் அவ. ஆரெண்டாலும் சரி, என்ன சாமான் எண்டாலும் சரி, தான் சொன்னதை அவை தங்கடை வாயால திருப்பிச் சொல்லாமல் ஒண்டும் மேசையைத் தாண்டாது. ஒருநாள் ஒரு டொக்டர் வந்து நிண்டார், வேட்டைக்காரர், உயரமான மனுசன், ஊரே தொப்பி கழட்டிற ஆள். தானா அடுத்த ரவை ஏறுற வேட்டை ரைபிள் ஒண்டு வாங்கிறார். அவ சொல்லுறா, வேட்டையில இதில மூண்டுதான், கூட்டுக்குள்ள ரெண்டு, குழலுக்குள்ள ஒண்டு, உங்கடை சுடுற கழகத்துக் கணக்கு வேறை, ரெண்டையும் குழப்பாதேங்கோ எண்டு. டொக்டர் சொன்னார், "மூண்டு வரைக்கும் எண்ண எனக்குத் தெரியும்." அவ சொன்னா, "எண்ணத் தெரியும். சொல்லத் தெரியுமோ எண்டுதான் கேக்கிறன்." மனுசன் செவந்துபோய்ச் சொன்னார். நான் அங்கை விக்கிற தூண்டில் தடியளுக்குப் பின்னாலை நிண்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிச்சன்.

அண்டைக்கு அவர் போனாப் பிறகு கேட்டன், ரவைக்கூட்டில எத்தினை போடலாம் எண்டதுக்கு இவ்வளவு கதையோ எண்டு. ரவைக்கூடு எண்டால் மகசின்தான், ரவையளை, அதுதான் குண்டுகளை, அடுக்கித் துவக்கில செருகிற பெட்டி. அவ துணியால விரலைத் துடைச்சுக்கொண்டு சொன்னா: "எல்லாரும் விடுற பிழை இதுதான் அண்ணை. நீங்கள் எத்தினை போடுறியள் எண்டு சட்டம் கேக்கேல்லை. அந்தக் கூடு எத்தினை கொள்ளும் எண்டுதான் கேக்குது. உங்கடை கழகத்தில சுடுற மாதிரி ரைபிளுக்குப் பத்து. பதினொண்டு கொள்ளுற கூட்டில நீங்கள் ஒண்டுமே போடாமல் அலுமாரியில வைச்சிருந்தாலும் குற்றம். சுவிசில, ஒஸ்ரியாவில இருக்கிற சொந்தக்காரர் கடையில கிடக்குது எண்டு வாங்கிக்கொண்டு வந்தாலும் குற்றம்." சொல்லிட்டு என்னைப் பாத்தா. நான் ரைபிள் வாங்க வரேல்லை, சும்மா கேட்டனான். அப்பவும் திருப்பிச் சொல்லித்தான் வெளியில வந்தனான்.

வீட்டுக்கும் ஒருக்கா வந்தவ. மனுசி ஒடியல்கூழ் காய்ச்சினது. குடிச்சுப்போட்டு எப்பிடி எண்டு கேட்டா. மனுசி வழமை மாதிரி, "அது பிள்ளை, ஒரு கை ஒடியல் மா, கொஞ்சம் புளி, காரம் பாத்துப் போடுறது" எண்டு இழுத்தது. "ஆற்றை கை அக்கா? உங்கடையோ என்ரையோ?" எண்டு கேட்டு, மனுசியின்ரை கையைப் பிடிச்சு மாவை அள்ள வைச்சு, தராசில போட்டு எழுதினா. கடைசியில முழுக்கத் திருப்பிச் சொல்லி, சரியோ அக்கா எண்டா. மனுசிக்கு முதல் எரிச்சல், பிறகு ஒரே சந்தோசம். அவ போனாப் பிறகு, "இவ்வளவு வருசத்தில நான் சொன்னதை ஒராள் இப்பிடிக் கேட்டிருக்கே?" எண்டு எனக்குக் குத்தினது.

கலியாணம் ஒண்டு பேசி வந்தது. லண்டன் மாப்பிளை, நல்ல உத்தியோகம். அதுவும் குழம்பிப்போச்சு. காரணத்தை அவவே கடையில வைச்சு எனக்குச் சொன்னா, துவக்குக் குழலுக்குள்ள தூரிகை விட்டுக்கொண்டு. "எனக்கு இந்த வேலை ஏன் விருப்பம் எண்டு சொன்னனான் அண்ணை. பிறகு, நான் என்ன சொன்னனான் எண்டு சொல்லுங்கோ எண்டன். மூண்டு தரம் கேட்டன். மூண்டு தரமும் அவர் தான் நினைக்கிறதைத்தான் சொன்னவர்." தாய் அதுக்கு ரெண்டு மாசம் அழுததாம். சனம், பிள்ளைக்கு மூளை தட்டிப்போச்சு எண்டு கதைச்சுது. எனக்கும் அப்ப கொஞ்சம் அப்பிடித்தான் தோன்றினது, ஏன் பொய் சொல்லுவான்.

இந்தப் பழக்கம் எங்கை பிடிச்சது எண்டு ஒருக்காத்தான் சொன்னவ. ஒன்பது வயசில தாயோட ஆஸ்பத்திரிக்குப் போய், டொக்டர் ஜெர்மனில சொன்னதை அவதான் தமிழில சொல்லுறது. தாய் எல்லாத்துக்கும் "ஓம், ஓம்" எண்டிருக்கிறா. டொக்டரைக் காக்க வைக்கக் கூடாதெண்டு எங்கடை ஆக்கள் தலையாட்டுவினமே, அது. வீட்டை வந்து ரெண்டு குளிசை போடவேண்டிய இடத்தில நாலு போட்டு விழுந்திட்டா. "தலையாட்டினால் விளங்கினது எண்டு நான் நினைச்சிட்டன் அண்ணை" எண்டா.

இனி என்ரை கதைக்கு வாறன். இவ்வளவு நேரமும் அதைச் சுத்திச் சுத்தித்தான் ஓடுறன்.

எங்கடை வீட்டில நாலு பேர். மூண்டு பேருக்கு ஜெர்மன் பாஸ்போர்ட். எயார்போர்ட்டில அவை மூண்டு பேரும் ஒரு வரிசையில சிரிச்சுக்கொண்டு போவினம், நான் மற்ற வரிசையில அகதியளுக்குக் குடுக்கிற நீலப் புத்தகத்தோட நிண்டு வேர்ப்பன். சோம்பல், பயம், கடுதாசி அலுப்பு எண்டு தள்ளித் தள்ளி, கடைசியில நானும் குடியுரிமைக்கு அன்ட்ராக் குடுத்தன். ஒன்றரை வருசமாக் காத்திருக்கேக்கைதான் எனக்கு ரைபிள் ஆசை வந்தது. கண் கொஞ்சம் மங்க, பிஸ்டலில குறி பிடிக்கிறது கரைச்சலாப் போச்சு. அந்தக் கடையில ஒரு சின்ன ரைபிள் இருந்தது, என்ரை பிஸ்டலுக்குப் போடுற அதே ரவை, அதே கூடு. எனக்கு அது பெரிய வசதியாத் தெரிஞ்சுது.

அவவுக்கு முகம் மாறினது.

"பிஸ்டலுக்கு எத்தினை கூடு வைச்சிருக்கிறியள்?"

"மூண்டு. பதினேழு பதினேழா."

"பிஸ்டல் கூடு இருபது வரைக்கும் பரவாயில்லை. ஆனால் அந்த மூண்டும் இந்த ரைபிளுக்குப் பொருந்தும். ரைபிள் உங்கடை எண்டு ஆன நிமிசத்தில இருந்து அது மூண்டும் ரைபிள் கூடு. ரைபிளுக்குப் பத்துத்தான். அது தடை செய்த சாமான் ஆகிடும்."

"நான் அதை ரைபிளில போட மாட்டனே."

"போடுறியளோ இல்லையோ எண்டது கதையில்லை அண்ணை. முதல் அது மூண்டும் வீட்டை விட்டு வெளியில, பிறகுதான் இது வீட்டுக்குள்ள. இஞ்சை கொண்டுவாங்கோ, நாங்கள் எடுக்கிறம். பிஸ்டலுக்குப் பத்துக் கொள்ளுற கூடு தாறன். இப்ப திருப்பிச் சொல்லுங்கோ."

சொன்னன். முதல் அது வெளியில, பிறகு இது உள்ளுக்கு. இதில விளங்காமல் இருக்க ஒண்டும் இல்லை.

கழகத்துக் கடுதாசி, துவக்கு அனுமதி குடுக்கிற ஆம்ட் கடுதாசி எல்லாம் வந்து, ரைபிள் எடுக்கலாம் எண்டு அவ ரெலிபோன் அடிச்ச கிழமை நான் போலந்து ஓட்டம். வியாழன் பின்னேரம் வந்து சேந்தன். திங்கள் விடிய அடுத்த ஓட்டம், திரும்பி வர மூண்டு கிழமை செல்லும். இடையில வெள்ளி, சனிதான் கடை திறப்பு. சனியெண்டால் இரும்பு வாங்கக் கூடாது எண்டு மனுசி முதலே சொல்லிப்போட்டுது. "வாங்கத்தான் போறியள் எண்டால் வெள்ளிக்கிழமை பத்தரைக்கு முதல் நல்ல நேரத்தில வாங்கித் துலையுங்கோ. அந்தச் சனியனை நான் தடுக்கவோ போறன்."

சரியெண்டு காலமை அந்த மூண்டு கூட்டையும் ஒரு பையில போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தன். மனுசி மறிச்சுப்போட்டுது.

"இஞ்சேருங்கோ, வெள்ளிக்கிழமையும் அதுவுமா வீட்டில கிடக்கிறதைத் தூக்கிக் குடுக்கவோ போறியள்? லட்சுமி எல்லோ போயிடும்."

"இது லட்சுமி இல்லையப்பா. ரவைக்கூடு."

"என்னவாயும் இருக்கட்டும். பாஸ்போர்ட் அலுவல் தொங்கிக்கொண்டு நிக்குது. நாளைக்குக் கொண்டே குடுங்கோ. ஒரு நாளில என்ன குடி முழுகப் போகுது?"

எனக்கும் பஞ்சி, ஓட்டத்து அலுப்பு. சண்டை பிடிக்கவும் பஞ்சி. பையை வைச்சிட்டுப் போனன். ஜெர்மன் சட்டம் முதல் வெளியில பிறகு உள்ளுக்கு எண்டுது. எங்கடை வெள்ளிக்கிழமை உள்ளுக்கு வரட்டும், வெளியில போகாதை எண்டுது. நான் வெள்ளிக்கிழமைப் பக்கம் சாய்ஞ்சன்.

கடையில அவ ரைபிளை மேசையில வைச்சிட்டுக் கேட்டா. "கூடு மூண்டும் எங்கை அண்ணை?"

"குடுத்திட்டன்."

"ஆருக்கு?"

"கழகத்தில ஒராளுக்கு. அவரிட்டையும் அதே பிஸ்டல்."

நாக்குக் கூசாமல் வந்தது. பிறகு அவ கேக்க முதலே நான் திருப்பிச் சொல்லத் தொடங்கினன். பத்து, பதினேழு, கொள்ளுற அளவு, போடுற அளவு, முதல் எது பிறகு எது, ஒண்டும் விடேல்லை. அவ சிரிச்சா. அந்தப் பிள்ளை பல்லுத் தெரியச் சிரிச்சு நான் அண்டைக்குத்தான் பாத்தனான். "எங்கடை ஆக்களில இவ்வளவு வடிவாச் சொன்னது நீங்கள்தான் அண்ணை" எண்டா. அவவின்ரை அளவுகோலில ஒரு ஓட்டை இருந்தது. ஒராள் விளங்கிக்கொண்டே பொய் சொல்லுவான் எண்டு அவ நினைச்சுப் பாக்கேல்லை.

சனிக்கிழமை பையைத் தூக்கினன். தூக்கினாப் பிறகுதான் உறைச்சுது, எங்கை கொண்டே குடுக்கிறது? அவவிட்டைக் குடுத்தால் பொய் வெளியில வந்திடும். வேறை ஆருக்காவது குடுத்தால் தடை செய்த சாமானைக் கைமாத்தினது ஆகும். பொலிசில குடுத்தால் அன்ட்ராக் என்ன ஆகும்? பேசாமல் துவக்கு வைக்கிற இரும்புப் பெட்டியில வைச்சுப் பூட்டினன். மூண்டு கிழமை லொறி ஓட்டினன், ஒரு வீதியும் ஞாபகம் இல்லை. திரும்பி வந்தும் குடுக்கேல்லை. இண்டைக்கு நாளைக்கு எண்டு மாசம் மூண்டு போச்சு.

ஒரு புதன்கிழமை காலமை ஆம்டில இருந்து ரெண்டு பேர் பெட்டியைப் பாக்க வந்திச்சினம். சொல்லாமல்தான் வருவினம், அது வழமை. மனுசி ஓடிப்போய்த் தேத்தண்ணியும் ரோல்சும் கொண்டுவந்து வைச்சுது. பாவம், விருந்தாளி எண்டு நினைச்சுது. வந்த பெண் ஒரு ரோல்ஸ் சாப்பிட்டு, நல்லாயிருக்குது எண்டு சொல்லி, கையைத் துடைச்சு, பெட்டிக்குள்ள பாத்தா. ஒரு கூட்டை எடுத்துத் திருப்பினா. ரைபிளைப் பாத்தா. பிறகு மற்றவரைப் பாத்தா. ரோல்சை அதுக்குப் பிறகு ஆரும் தொடேல்லை.

வழக்கு எண்டு கடுதாசி வந்தது. வழக்கு முடியும் வரைக்கும் குடியுரிமை அலுவல் நிப்பாட்டி வைச்சிருக்கெண்டு இன்னொரு கடுதாசி. வக்கீல் நல்ல மனுசன். எல்லாத்தையும் வாசிச்சுப்போட்டு ஒரு கேள்விதான் கேட்டார்: "கடையில இதை உங்களுக்கு விளக்கமாச் சொன்னவையோ? எந்தப் பாஷையில?"

தமிழில எண்டன்.

அவர் பேனையை வைச்சார். தெரிஞ்சும் வைச்சிருந்தால் பெரிய குற்றமாம். சரியா விளங்கப்படுத்தேல்லை, இந்தச் சட்டம் ஜெர்மன்காரருக்கே குழப்பம், பிறநாட்டு மனுசன் தெரியாமல் விட்டிட்டார் எண்டால் சின்னனா முடிக்கலாமாம். அவர் என்னைப் பொய் சொல்லச் சொல்லேல்லை. அதை நான் நியாயமாச் சொல்லோணும். யோசிச்சுச் சொல்லுங்கோ எண்டுதான் சொன்னவர். நான் ரெண்டு நாள் யோசிச்சன். மூண்டாம் நாள், அந்தப் பெண் தமிழில ஏதோ சொன்னவ, எனக்கு வடிவா விளங்கேல்லை எண்டு எழுதி, கீழ கையெழுத்து வைச்சன்.

வழக்கை மூடிச்சினம். துவக்கு ரெண்டையும் நானே திருப்பிக் குடுத்தன், அனுமதியும் போச்சு. அது எனக்குப் பெரிசில்லை. கடை முதலாளியிட்டையும் விசாரிச்சிருக்கினம். வயசுபோன மனுசன், பிள்ளையள் இல்லை. அவவை மேல்படிப்புப் படிப்பிச்சுக் கடையை அவவிட்டையே குடுக்கிற யோசினையில இருந்தவர். என்ரை கடுதாசியை அவருக்கு வாசிச்சுக் காட்டியிருக்கினம். "எனக்கு விளங்காத பாஷையில என்ரை கடையில துவக்கு விக்கேலாது" எண்டு அவவை நிப்பாட்டிப்போட்டார். அவ சொல்லிப் பாத்தவவாம், நான் கேட்டனான், அவர் எல்லாம் திருப்பிச் சொன்னவர் எண்டு. எழுத்தில ஒண்டும் இல்லை. என்ரைதான் எழுத்தில இருந்தது.

எட்டு மாசம் கழிச்சு எனக்குக் குடியுரிமை கிடைச்சுது. மனுசி புக்கை பொங்கினது. "பாத்தியளே, அந்த வெள்ளிக்கிழமை ஒண்டும் வெளியில குடுக்காமல் விட்டது" எண்டு தொடங்கினது. நான் எழும்பிப்போய்க் கராச்சுக்குள்ள நிண்டன். எனக்கு என்னில வந்த அருவருப்பை அதுக்கு எப்பிடிச் சொல்லுறது.

போன வருசம் ஊன்ட்றொப் தேருக்குப் போனம். சரியான சனம். வாய்க்கால் கரைப் பக்கம் மோர் குடுக்கிற இடத்தில கோப்பை நீட்டினவ அவதான். கண்ணாடி போட்டிருந்தா. இப்ப ஒரு கண்ணாடிக் கடையில வேலையாம். நான் ஓடியிருக்கலாம். பின்னாலை சனம் தள்ளினதில ஓட ஏலாமல் போச்சு. "தங்கச்சி" எண்டன். மோர்க் கோப்பையைப் பிடிச்சுக்கொண்டு, அவ்வளவு சனத்துக்கு நடுவில, எல்லாத்தையும் சொல்லிப்போட்டன். கூடு வீட்டிலதான் இருந்தது, நீங்கள் எல்லாம் சொன்னனீங்கள், எனக்கு எல்லாம் விளங்கினது, பொய் சொன்னது நான்தான், பாஸ்போர்ட்டுக்காக எழுதினனான் எண்டு. கண்ணாலை தண்ணி ஓடினது. கொஞ்சம் தள்ளி நிண்ட மனுசி, தேர் பாத்து அழுறன் எண்டு நினைச்சிருக்கும்.

அவ மோர்ச் சட்டியை மற்றப் பிள்ளையிட்டைக் குடுத்திட்டு எனக்குக் கிட்ட வந்தா. கோவம் ஒண்டும் இல்லை. கடையில சாமான் காட்டிற மாதிரியே கதைச்சா.

"எனக்கு இது தெரியும் அண்ணை. எனக்குச் சொல்லி ஒண்டும் ஆகப்போறேல்லை. முதலாளி வாற வருசம் கடையை ஆருக்கோ விக்கப் போறாராம். அவருக்கு ஒரு கடுதாசி எழுதுங்கோ. ஜெர்மனில. இப்ப எனக்குச் சொன்னதுதான், ஒரு பக்கம் காணும்."

"எழுதினால் என்ரை பாஸ்போர்ட்..."

"தெரியாது அண்ணை. வக்கீலைத்தான் கேக்கோணும். பிரச்சினை ஒண்டும் வராது எண்டு நான் உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டன்."

கட்டாயம் எழுதிறன் தங்கச்சி எண்டு கையைப் பிடிச்சுச் சொன்னன். அவ தலையை ஆட்டிப்போட்டு, திரும்பிப் போய் மோர் வாக்கத் தொடங்கினா.

அந்த வாற வருசம் எண்டது இந்த வருசம்தான். கடை வாசலில விற்பனைக்கு எண்டு பலகை போட்டிருக்கினம், லொறியில போகேக்கை பாத்தன். வக்கீலைப் பாக்க நேரம் கேட்டு இன்னும் டேர்மீன் எடுக்கேல்லை. தமிழில இவ்வளவும் எழுதிப்போட்டன், ஒரே மூச்சில. ஜெர்மனில அந்த ஒரு பக்கம் இன்னும் எழுதேல்லை.